பழைய தந்திக் கம்பத்தை நின்ற இடத்திலேயே காப்பாற்றுவது எப்படி: நெல்லைச் சீமைக்கு ஒரு செய்முறை

ஊர் எல்லையிலோ, பழைய ரயில் பாதை ஓரத்திலோ, யாரோ ஒருவர் வயலின் வரப்பிலோ ஒரு தந்திக் கம்பம் இன்னும் நிற்கிறது, அதை யாராவது அறுத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதற்குள் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய பணம் வேண்டாம், பொறியியல் பட்டமும் வேண்டாம். பொறுமை வேண்டும், மனு எழுதத் தெரிய வேண்டும், பட்டறையில் நிதானமாக வேலை பார்க்கிற ஒரு ஆள் பழக்கமாக இருந்தால் ரொம்ப நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பத்தைப் பிடுங்கி, வெள்ளி பெயிண்ட் அடித்து, பூங்காவில் நட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. தந்திக் கம்பம் ஒரு வரிசையின் ஒரு உறுப்பு. அது எந்த இடத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, கம்பியைத் தாங்குகிற பீங்கான் கிண்ணம் எத்தனை இருக்கிறது, எண் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, மண்ணுக்குள் எத்தனை அடி போயிருக்கிறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கம்பம். இதில் எதை இழந்தாலும் மிச்சம் இருப்பது வெறும் இரும்புக் குழாய்.

இந்தியாவில் தந்திச் சோதனை 1850-ல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையில் வில்லியம் ஓஷாக்னஸி காலத்தில் தொடங்கியது, 1854-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு 1876-ல் ரயில் வந்தது, 1904-ல் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை திறந்தது, 1923-ல் திருச்செந்தூர் வரைக்கும் தண்டவாளம் போனது. ரயில் போன இடமெல்லாம் கூடவே கம்பமும் போனது, ஏனென்றால் ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர், அதாவது ரயிலை அனுப்பலாமா என்ற அனுமதி, கேட்டதே அந்தக் கம்பிகள் வழியாகத்தான். ஒற்றைப் பாதையில் போகலாம் என்பதற்கு அடையாளமாக டிரைவர் கையில் கொடுத்த டோக்கனை எடுக்க வேண்டுமென்றால் இரண்டு ஸ்டேஷனிலும் இருந்த கருவிகள் கம்பி வழியாக ஒன்றுக்கொன்று சம்மதம் சொல்லியாக வேண்டியிருந்தது. ஆக, தந்திக் கம்பம் என்றால் சாவுச் செய்தி கொண்டுவந்த கம்பம் என்று மட்டும் நினைக்காதீர்கள், எதிரெதிரே இரண்டு ரயில் வராமல் பார்த்துக்கொண்டதும் அதுதான். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் நாடு முழுக்கத் தந்திக் கம்பிகளைத் தேடித் தேடி அறுத்ததற்கும் காரணம் இருக்கிறது. அரசாங்கத்தின் நரம்பு எங்கே ஓடுகிறது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. ஆனால் ரயில் ஓரத்துக் கம்பங்களைத் தீர்த்துக்கட்டியது அது இல்லை, மின்மயமாக்கல்தான். தண்டவாளத்துக்கு மேலே 25 கிலோவோல்ட் ஓடும்போது பக்கத்தில் நீளமாகப் போகிற கம்பியில் தூண்டலால் மின்னழுத்தம் ஏறிவிடும், அதனால் தகவல் தொடர்பு எல்லாவற்றையும் மண்ணுக்குள் கேபிளாகக் கொண்டுபோய்விட்டார்கள், மேலே நின்ற கம்பங்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அகலப்பாதை, இரட்டைப்பாதை, நான்குவழிச் சாலை என்று அடுத்தடுத்து வந்ததில் மீதியும் போய்க்கொண்டிருக்கிறது.

கம்பம் எது என்று கண்டுபிடிப்பது

நம்ம பக்கம் நிற்பவை பெரும்பாலும் இரும்புதான், கறையான் தின்னும் நாட்டில் மரத்தை நம்ப முடியாது என்று அந்தக் காலத்திலேயே இரும்புக்குப் போய்விட்டார்கள். இரண்டு வகையைப் பார்க்கலாம். ஒன்று குழாய்க் கம்பம்: கீழே பருத்து மேலே மெலிந்து, துண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்கும், உச்சியில் ஒரு கூர்முனையோ மூடியோ இருக்கும். இன்னொன்று ரயில் கம்பம்: தேய்ந்துபோன தண்டவாளத்தையே செங்குத்தாக நட்டது. இந்த இரண்டாவது வகையை லேசாக நினைக்காதீர்கள். தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில் அதை உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பு எழுத்தில் இருக்கும், சில சமயம் அந்த ஆண்டு பாதை போட்ட ஆண்டைவிடப் பழையதாக இருக்கும், ஏனென்றால் வேறு எங்கோ ஓடித் தேய்ந்த பிறகு இங்கே வந்து கம்பமாக நின்றிருக்கிறது.

மின்வாரியக் கம்பத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தந்திக் கம்பத்தில் சிறிய வெள்ளைப் பீங்கான்கள், கவிழ்த்த கிண்ண வடிவில், குட்டையான இரும்புச் சட்டங்களில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும். மின்கம்பத்தில் பீங்கான் பெரிது, எண்ணிக்கை குறைவு, இடைவெளி அதிகம். சந்தேகம் இருந்தால் கிட்டே போகாதீர்கள், மின்வாரிய ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பயன்பாட்டில் இல்லாத தந்திக் கம்பி மேல் எங்கோ தூரத்தில் மின்கம்பி அறுந்து விழுந்திருந்தால்கூட இங்கே தொடுகிறவருக்கு அடிக்கும்.

யாருடையது என்று கேட்காமல் கை வைக்காதீர்கள்

அனாதையாக நிற்கிறதே என்று தோன்றும், ஆனால் எந்தக் கம்பமும் அனாதை இல்லை. சாலையோரம், ஊருக்குள், வயல் வழியாகப் போனது என்றால் பெரும்பாலும் தபால் தந்தித் துறை நட்டது, 2000 அக்டோபரிலிருந்து அது பி.எஸ்.என்.எல். சொத்து. தண்டவாளத்தை ஒட்டி இருந்தால் ரயில்வே சொத்து. ரயில்வே இரும்பில் ஒரு பீங்கானைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் 1966-ம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி வழக்கு வரும், நல்ல எண்ணத்தில் எடுத்தேன் என்பது அங்கே செல்லாது. தண்டவாள ஓரத்தில் அனுமதி இல்லாமல் நடப்பதே குற்றம். நெல்லை, தென்காசி, திருச்செந்தூர் பக்கம் மதுரைக் கோட்டம். நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நாகர்கோவில் போகிற பாதை திருவனந்தபுரம் கோட்டம். மனுவைத் தப்பான கோட்டத்துக்குப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

மனுவில் "தொன்மை", "பாரம்பரியம்" என்று நீட்டி முழக்காமல் மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: இந்தக் கம்பம் உங்கள் சொத்துப் பதிவேட்டில் இருக்கிறதா, ஏலத்தில் விடும் திட்டம் இருக்கிறதா, இருந்தால் அதை நிறுத்திவைத்துப் பராமரிப்பை எங்கள் ஊராட்சியிடமோ பள்ளியிடமோ எழுத்து மூலம் ஒப்படைக்க முடியுமா. பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இதே கேள்விகளில் முதல் இரண்டைப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பழைய இரும்பு மின்னணு ஏலத்தில் மொத்தமாகப் போகும், ஏலம் முடிந்து ஒப்பந்தக்காரர் கேஸ் கட்டரோடு வந்த பிறகு நீங்கள் கெஞ்சுவதில் பயனில்லை, அவர் பணம் கட்டி வாங்கியவர்.

கூடவே கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும், எது அடுத்து வருகிறதோ அதில் எழுதிக் கொடுங்கள். ஒற்றைக் கம்பத்துக்குப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்ற அந்தஸ்து வாங்க அலைவதைவிட, சாலைப் பணி அதிகாரி மேஜையில் வைக்க ஒரு கிராம சபைத் தீர்மான நகல் இருப்பது நடைமுறையில் அதிகம் உதவும் என்பது என் கருத்து.

பதிவு செய்தல்

கம்பம் நாளைக்கே போனாலும் இது மிஞ்சும், அதனால் அனுமதி வருவதற்குள் பொதுவழியில் நின்று செய்ய முடிந்ததை எல்லாம் செய்துவிடுங்கள். நான்கு திசையிலிருந்தும் படம், பக்கத்தில் ஒரு அளவுகோல் அல்லது ஆள் நிற்க ஒரு படம், உச்சி, சட்டங்கள், அடிப்பகுதி தனித்தனியாக. கைப்பேசியில் இடக்குறியைப் பதிந்துகொள்ளுங்கள். முந்தின கம்பமும் அடுத்த கம்பமும் இருந்தால் இடைவெளியை அளந்து எழுதுங்கள், இல்லாவிட்டால் அவை நின்ற குழியோ முறிந்த அடிக்கட்டையோ இருக்கிறதா என்று அந்தத் திசையில் நடந்து பாருங்கள். முள்ளுக்குள் மறைந்து கிடக்கும்.

புடைப்பு எழுத்துகளைப் படிக்க, கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிற மாதிரி, மெல்லிய தாளை வைத்து அழுத்திக் கரித்துண்டால் தேய்த்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எழும்பி வரும். இங்கிலாந்திலிருந்து வந்த பொருள்களில் சீமென்ஸ் பிரதர்ஸ், புல்லர்ஸ் போன்ற தயாரிப்பாளர் பெயர்கள் இருக்கலாம். பீங்கான்களின் அடியில், உள்பக்கத்தில்கூட முத்திரை இருக்கும்.

ரயில்வே கம்பம் என்றால் எண் பலகைதான் உயிர். ரயில் பாதையில் ஒரு இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் கிலோமீட்டர் எண்ணையும் அந்தக் கிலோமீட்டருக்குள் எத்தனையாவது தந்திக் கம்பம் என்பதையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள்; விபத்து அறிக்கை, பாலம் பழுது, மாடு அடிபட்டது எல்லாமே இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவில் என்றுதான் பதிவாகியிருக்கும். மின்மயமானதும் அந்த வேலையை மின்தூண்களின் எண் எடுத்துக்கொண்டது. எண் பலகை போய்விட்டால் பழைய ஆவணங்களில் இருக்கும் இடத்தை மண்ணில் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அப்புறம் ஆட்கள். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவர் இருப்பார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர் இருப்பார், மீட்டர்கேஜ் காலத்து ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பார். "அண்ணாச்சி, காத்துல கம்பி அறுந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று வேலையைப் பற்றிக் கேளுங்கள். "தந்தியைப் பற்றி உங்கள் நினைவுகள்" என்று பேட்டி மாதிரிக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள், வேலையைக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார்கள். அனுமதி வாங்கிக் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கம்பத்தைவிட அவசரமான வேலை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கம்பம் எவ்வளவு பலமாக இருக்கிறது

ஏணியைக் கம்பத்தில் சாத்துவதற்கு முன் அடியைப் பாருங்கள். இரும்புக் கம்பம் மேலே பளபளப்பாக இருந்தாலும் மண் மட்டத்தில்தான் சாகும், ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் அதுதான். மண்ணைச் சுற்றிலும் ஒரு அடி ஆழம் கையால் தோண்டி, துருச் செதிலை உதிர்த்துவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது, மொத்து மொத்தென்று கேட்டால் உள்ளே தேய்ந்திருக்கிறது. திருப்புளி முனை உள்ளே இறங்கினால் வேலையை நிறுத்திவிட்டுக் கம்பத்துக்கு முட்டுக் கொடுங்கள். தடிமனைச் சரியாக அளக்க மீயொலிக் கருவி இருக்கிறது, பாளையங்கோட்டை பக்கத்து பொறியியல் கல்லூரி இயந்திரவியல் துறைகளில் கேட்டுப் பாருங்கள், மாணவர்களுக்கும் அது நல்ல செய்முறைப் பாடம். துரு பற்றிப் பெரிய சந்தேகம் என்றால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அரிமானமே அவர்கள் துறைகளில் ஒன்று.

இழுவைக் கம்பி இருந்தால் அதைத் தொடவே கூடாது. பாதை வளைகிற இடத்துக் கம்பத்தைச் சாயாமல் பிடித்திருப்பது அந்த இழுவைதான். மேலே பழைய கம்பி இன்னும் விறைப்பாக இருந்தால் அதையும் வெட்டாதீர்கள், வெட்டிய முனை சாட்டையாகத் திரும்பி முகத்தில் அடிக்கும், எதிர்ப்பக்க இழுப்பில் கம்பமும் சாயும். பக்கத்தில் மின்கம்பி போகிறது என்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகு, மர ஏணியில் மட்டும் ஏறுங்கள்.

கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கரிச்சானும் பனங்காடையும் உட்கார்ந்து பூச்சி பார்ப்பதற்கு இந்தக் கம்பங்களைவிட நல்ல இடம் அவற்றுக்குக் கிடையாது, குழாயின் திறந்த உச்சியில் முட்டை இருந்தால் குஞ்சு பறக்கிற வரைக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

துருவும் பெயிண்டும்

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. நெல்லை, பாளையங்கோட்டை, கிழக்குப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் மழை. தென்காசி, செங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் ஆனி ஆடியில் சாரல். பணகுடி, வள்ளியூர் பக்கம் அதே ஆனி ஆடியில் மண்ணை வாரி அடிக்கிற காற்று, ஈரப் பெயிண்டில் தூசி ஒட்டிச் சொரசொரவென்று ஆகிவிடும். தை கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் எல்லாப் பக்கத்துக்கும் ஒத்துவரும். காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்கி, இரும்பு கை வைக்க முடியாமல் சுடுவதற்குள் நிறுத்துங்கள்.

முதலில் கழுவுங்கள். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கத்துக் கம்பம் என்றால் இதுதான் முக்கியமான கட்டம், உப்பு உள்ளே இருக்கும்போது மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் கொப்புளம் கிளம்பும். நல்ல தண்ணீரில் பலமுறை, நைலான் பிரஷ் போட்டு. ராதாபுரம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவாதீர்கள், தாமிரபரணிக் குடிநீரைக் குடத்தில் கொண்டுபோங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள், நனைத்துத் தேய்க்க வேண்டும், மூக்குக்கும் வாய்க்கும் நல்ல முகமூடி வேண்டும், உதிர்ந்ததைக் கீழே தார்ப்பாய் விரித்துச் சேகரிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை இந்தக் கட்டத்தில் சேர்க்கவே கூடாது. இன்னும் ஒன்று, ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் பழைய பெயிண்டை அப்படியே விட்டுவிடுங்கள். பிற்காலத்தில் யாராவது அந்த அடுக்குகளைப் பார்க்க விரும்பலாம்.

கிரைண்டர் வேண்டாம், மணல் வீச்சும் வேண்டாம். நாகப்பூச்சு, அதாவது துத்தநாகப் பூச்சு, போட்ட குழாயில் மங்கிய சாம்பல் நிறம் தெரிகிற இடமெல்லாம் நல்ல இடம், அதைச் சுரண்டினால் அந்தக் கம்பத்துக்கு இருக்கிற ஒரே கவசத்தை நீங்களே உரித்த மாதிரி. துரு இருக்கும் இடத்தில் மட்டும் கம்பி பிரஷ். தளர்ந்த துரு போன பிறகு ஒட்டிக்கொண்டிருக்கிற மெல்லிய துருவுக்கு டேனிக் அமிலக் கரைசல் இரண்டு மூன்று முறை தடவலாம், துரு கருநீலமாக மாறி அடங்கிப்போகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் நாம், அதே வேதியியல்தான் இது. அதற்காகக் கடுக்காயைக் காய்ச்சித் தடவ வேண்டாம், அளவு தெரியாது, ரசாயனக் கடையில் தூளாகவே கிடைக்கிறது.

வெறும் இரும்புக்குச் சிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட்டிங். நாகப்பூச்சு உள்ள பகுதிக்கு எட்ச் பிரைமர் போட்ட பிறகே மற்றது. சாதாரண எனாமலை நேரடியாக அடித்தால் ஒரு வெயிலுக்குள் தோல் உரியும். மேல் பூச்சு அலுமினியம் பெயிண்ட், அல்லது நீங்கள் சுரண்டிப் பார்த்ததில் முதல் அடுக்கு என்ன நிறமோ அது. கட்சிக் கொடி நிறம், மூவர்ணம், பள்ளிச் சீருடை நிறம் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே கூட்டத்தில் பேசி முடித்துவிடுங்கள், பிறகு பேசினால் சண்டை வரும்.

அடிப்பகுதி ரொம்பத் தேய்ந்திருந்தால் வெல்டிங் வைக்கச் சொல்வார்கள். வேண்டாம். நாகப்பூச்சு கருகும், அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும், பிற்காலத்தில் பிரிக்கவும் முடியாது. இரண்டு அரைவட்டத் தகடுகளை வளைத்து, உள்ளும் புறமும் பெயிண்ட் அடித்து, மண்ணுக்குள் இரண்டு அடி, வெளியே இரண்டு அடி வருகிற மாதிரிக் கம்பத்தைச் சுற்றிப் போல்ட் போட்டு இறுக்குங்கள். கம்பத்தில் ஓட்டை போடக்கூடாது. பெயர்ப் பலகைக்கும் இதே விதிதான், அதைப் பக்கத்தில் தனியாக நடுங்கள்.

கம்பம் மண்ணைத் தொடுகிற கழுத்தைச் சுற்றிக் கான்கிரீட் போடுவதானால் வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும், கிண்ணம் மாதிரிக் குழிந்தால் தண்ணீர் தேங்கி அங்கேயே துரு பிடிக்கும். கரிசல் மண்ணில் கான்கிரீட்டை நம்ப வேண்டாம், அந்த மண் மழைக்கு உப்பும், கோடையில் வெடிக்கும், கம்பத்தைச் சாய்த்துவிடும். குழியை அகலமாக எடுத்துக் கரிசலை வெளியேற்றிவிட்டுச் சரளைப் போட்டுத் திமிசு அடியுங்கள். குழாயின் உச்சி திறந்திருந்தால் மூடி போடுங்கள், உள்ளே மழைத் தண்ணீர் இறங்கினால் வெளியே நீங்கள் செய்த வேலை வீண்.

பீங்கானுக்கு சோப்புத் தண்ணீரும் துணியும் போதும், ஆசிட் வேண்டாம். விரிசல் விட்டதையும் கழற்றாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் எந்தச் சட்டத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்று சீட்டு கட்டிவிட்டு, திருகில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, கையால் மட்டும் திருகுங்கள்.

இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால்

சாலை அகலப்படுத்துகிறார்கள், வேறு வழியில்லை என்ற நிலை வரும். அப்போதும் மண் மட்டத்தில் அறுக்க விடாதீர்கள். தோராயமாக நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும், அடியில் தட்டும் இருக்கலாம், முழுவதையும் தோண்டி எடுக்க வேண்டும். எடுக்குமுன் வடக்கு எந்தப் பக்கம் என்று கம்பத்தில் சுண்ணாம்பால் குறியுங்கள். கிரேன் சங்கிலிக்கும் கம்பத்துக்கும் நடுவில் சாக்கு சுற்றுங்கள். அதே சாலையில், முடிந்தவரை அதே வரிசையில், சில மீட்டர் தள்ளி அதே திசை பார்த்து நடுவதுதான் முதல் தெரிவு. அதுவும் முடியாதென்றால் ஊர்ப் பள்ளி, ரயில் நிலைய முன்வளாகம், கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையம் போல விளக்கம் சொல்ல ஆள் இருக்கிற இடமாகப் பாருங்கள். இரண்டு கம்பம் கிடைத்தால் நடுவில் கம்பி கட்டி இரண்டு முனையிலும் தந்திக் கருவி வைத்துப் பிள்ளைகளைத் தட்ட விடலாம், ஒன்பது வோல்ட் பேட்டரி போதும். எங்கே நட்டாலும் தனியாக உயர்ந்து நிற்கும் இரும்பு இடியை வாங்கும், முறையாக எர்த் போடுங்கள்.

பலகையில் இது எங்கே நின்றது, எந்தப் பாதையில், யார் சொத்து, எப்போது இடம் மாறியது, என்ன பெயிண்ட் எந்த மாதம் அடித்தது என்று எழுதுங்கள். திறந்துவைத்தவர் பெயரைவிட அடுத்து பெயிண்ட் அடிக்கப் போகிறவருக்கு இதுதான் தேவை. ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை மழை நின்றதும் போய், கழுத்து மண்ணை விலக்கித் துரு பாருங்கள், போல்ட்டுகளை இறுக்குங்கள், கீழே வளர்ந்த உடைமுள்ளை வெட்டுங்கள், யாராவது கேபிள் டிவி ஒயரையோ ஆடு கட்டும் கயிற்றையோ கட்டியிருந்தால் அவிழ்த்துவிட்டு அவர்களிடம் போய்ப் பேசுங்கள். அதே நான்கு திசைப் படங்களை அதே இடத்தில் நின்று எடுத்து, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதியும் உங்களிடம் ஒரு பிரதியும் வையுங்கள்.